அஷ்டமி நிலா

அன்புள்ள கயல் கண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். போனில் சொன்னால் பாதியில் உனக்கு வேலை வந்துவிடுகிறது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வரும்போது நீயும் தம்பியும் உன் பொம்மை வீரர்களை வைத்து விளையாட நிலாத் தரை ஒன்று வேண்டும் என்று கேட்டாயே, அது முக்கால்வாசி முடிந்துவிட்டது. ஒன்றரை அடிச் சதுரமாக நாலு பலகை. சேர்த்து வைத்தால் மூன்றடிக்கு மூன்றடி. சாதா தெர்மாகோல் வாங்கவில்லை, கத்தி வைத்ததுமே மணி மணியாக உதிரும். கூரைக்கு அடியில் வெப்பம் தடுக்கப் போடுகிற கெட்டி நுரைப் பலகை பழைய சைட்டில் மிச்சம் கிடந்தது, கேட்டு வாங்கிவந்தேன்.

முதல் பலகையை நானே கெடுத்தேன். அவசரப்பட்டு ஸ்ப்ரே பெயின்ட்டை நேராக அடித்துவிட்டேன். அதில் இருக்கிற கரைப்பான் இந்தப் பலகையைத் தின்னும் என்று எனக்குத் தெரியாதா என்ன? பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேல்பக்கம் கரையான் அரித்த மாதிரி ஆகிவிட்டது. "நிலாப் பள்ளம் மாதிரியே இருக்கே, விட்டுடுங்க" என்றாள் அம்மா. எனக்கு மனசு ஒப்பவில்லை. கரைந்த குழிக்கு விளிம்பு கிடையாது. நிலாவில் விழுந்த கல் மண்ணைத் தூக்கி வெளியே எறிகிறது, அந்த மண்தான் சுற்றிலும் வரப்பு மாதிரி மேடாக நிற்கிறது. வரப்பு இல்லாவிட்டால் அது வெறும் ஓட்டை. புதுப் பலகை எடுத்தேன். இந்தத் தடவை வெள்ளைப் பசையும் பிஓபியும் (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொடி) கலந்து இரண்டு கோட் பூசி, காயவிட்டு, அப்புறம்தான் பெயின்ட்.

பள்ளம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஒரு தாம்பாளத்தில் கோலமாவு பரப்பி, மேலே கரித்தூள் தூவி, மாடிப்படியிலிருந்து கோலிக்குண்டு போட்டேன். நேராகப் போட்டால் அழகான வட்டம், உள்ளே இருந்த வெள்ளை மாவு கதிர்கதிராக வெளியே சிதறியது. சாய்த்து எறிந்தால் பள்ளம் நீளமாக இழுத்துக்கொண்டது. அங்கே எனக்குக் குழப்பம் வந்துவிட்டது. நிலாவில் கற்கள் எல்லாப் பக்கமிருந்தும் சாய்வாகத்தானே வரும், பள்ளமெல்லாம் வட்டமாக இருக்கிறதே? தம்பி போனில் தேடிப் படித்துச் சொன்னான். விநாடிக்குப் பத்து இருபது கிலோமீட்டர் வேகத்தில் வருகிற கல் குழி தோண்டுவதில்லை, வெடிக்கிறது. வெடிப்புக்குத் திசை தெரியாது. மிகவும் படுத்த மாதிரி வந்தால்தான் பள்ளம் நீளும். அதனால் நம் பலகையில் எல்லாம் வட்டம்.

ஆழம் விஷயத்தில் உன்னோடு சண்டை போட வேண்டியிருக்கிறது. நீ அனுப்பிய படத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலப் பள்ளத்தின் நடுவில் ஒரு குன்று நின்றதே, அது நமக்கு வேண்டாம். கணக்குப் போட்டுப் பார். உன் பொம்மை 28 மில்லிமீட்டர். அதை ஆள் உயரமாக எடுத்தால் அறுபதில் ஒரு பங்கு. அப்படியானால் மூன்றடிப் பலகை நிலாவில் 55 மீட்டர்தான், நம் வீட்டிலிருந்து பிள்ளையார் கோயில் தூரம். நடுவில் குன்று எழும்புவது 15, 20 கிலோமீட்டர் அகலத்துக்கு மேற்பட்ட பெரிய பள்ளங்களில். டைக்கோ என்று நிலாவில் ஒரு பெரிய பள்ளம் சொல்கிறார்களே, அகலம் 85 கிலோமீட்டர், அதன் நடுக்குன்றே சுமார் இரண்டு கிலோமீட்டர் உயரம். நம்முடையதெல்லாம் சின்னக் கிண்ணங்கள். அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஆழம் போதும். இருபது சென்டிமீட்டர் பள்ளத்துக்கு நாலு சென்டிமீட்டர். நான் முதலில் தோண்டியது கிணறு மாதிரி போய்விட்டது, நிரவினேன். கிண்ணமாக இருந்தால்தான் உன் பொம்மையும் சரியாமல் நிற்கும். அதன் அடித்தட்டு இங்கே இல்லாததால் பத்து ரூபாய் நாணயத்தை வைத்து ஒவ்வொரு பள்ளத்திலும் நிறுத்திப் பார்த்தேன். நாணயம் 27 மில்லிமீட்டர். உன்னுடையது 25 என்றால் சரி, 32 என்றால் உடனே சொல், இரண்டு பள்ளத்தின் அடியை அகலப்படுத்த வேண்டும்.

முப்பது வருஷம் பட்டி பார்த்து உப்புத்தாள் போட்ட கை, கண்ணு. மேடு கண்டால் தானாகத் தேய்க்கப் போகிறது. ஆனால் அந்தக் கைக்கும் இதில் வேலை இருந்தது. நிலாவில் காற்றும் மழையும் இல்லை, ஆனாலும் பொடிக்கல் ஓயாமல் விழுந்து விழுந்து எல்லாவற்றையும் மழுக்குகிறது. பழைய பள்ளத்துக்கு வரப்பு தேய்ந்திருக்கும், புதுசுக்குக் கூராக நிற்கும். அதனால் பழையதை முதலில் வெட்டி, ஈரப் பஞ்சால் துடைத்துத் துடைத்து மழுக்கினேன். அதன் ஓரத்தைக் கடித்த மாதிரி புதுசை அப்புறம் வெட்டினேன். புதுப் பள்ளத்தின் வரப்பு பழையதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்றாவது பலகையில் அப்படி ஒரு ஜோடி இருக்கிறது, வந்ததும் முதலில் அதைப் பார்.

மறைந்து சுட இடம் வேண்டும், நிறையப் பாறை போடுங்கள் என்று தம்பி கேட்டான். இந்த அளவுப் பள்ளம் மண்ணுக்குள்ளேயே முடிந்துவிடும், அடிப்பாறை வரைக்கும் போய்க் கல்லைத் தூக்கி எறியாது. அதனால் ஒரே ஒரு புதுப் பள்ளத்தைச் சுற்றி மட்டும் கல் வைத்திருக்கிறேன். மற்ற இடத்தில் வரப்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளட்டும்.

அந்தக் கல் எங்கிருந்து என்று நினைக்கிறாய்? சித்தம்பூண்டி! நம் நாமக்கல் மாவட்டத்து அனார்த்தோசைட் என்கிற வெளிர் நிறப் பாறை. நிலாவின் மேட்டு நிலப் பாறையும் இதே இனம் என்று இஸ்ரோ இந்தக் கல்லைப் பொடியாக்கி, செயற்கை நிலா மண் செய்து, லேண்டரையும் ரோவரையும் அதில் சோதித்தது. 2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் நீ அங்கேயும் நாங்கள் இங்கேயுமாக வீடியோ காலில் சந்திரயான் இறங்கியதைப் பார்த்தோமே, அதற்கு முன்னாடி நம் ஊர் மண் ஒத்திகை பார்த்துக் கொடுத்திருக்கிறது. ஒரு கை உடைசல் எடுத்துவந்து, உரலில் இடித்து, டீ வடிகட்டியில் சலித்து, பசை தடவிய பலகையில் தூவினேன். சொரசொரப்பு அருமை.

நிறம்தான் சரிவரவில்லை. கல் வெளுப்பு. நிலா மண் உண்மையில் கறுப்பு, தேய்ந்த தார் ரோடு அளவுக்கு. சூரியனிலிருந்து வருகிற துகளும் பொடிக்கல்லும் கோடிக்கணக்கான வருஷம் அடித்து அதைக் கறுக்க வைத்திருக்கிறது. அதனால் முழுக்கக் கறுப்பு அடித்து, மேலே கரும்சாம்பல், அதற்கு மேலே பிரஷ்ஷைப் பெயின்ட்டில் தொட்டு, துணியில் துடைத்து, வறண்ட மயிரால் மேட்டை மட்டும் லேசாகத் தடவினேன். வெள்ளையைக் கிட்டவே விடவில்லை.

நிழல் வரையவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. பக்கத்து வீட்டுப் பையனின் பைனாகுலரைப் பௌர்ணமியன்று வாங்கிப் பார்த்தேன், பள்ளமே தெரியவில்லை, வெறும் வெள்ளைத் தட்டு. அஷ்டமியன்று மறுபடி பார்த்தேன். வெளிச்சமும் இருட்டும் பிரிகிற கோட்டில் ஒவ்வொரு பள்ளமும் தனித்தனியாக எழுந்து நின்றது. வெயில் சாய்ந்து விழுந்தால்தான் நிலாவுக்கு உருவம். நேற்று ராத்திரி டியூப்லைட்டை அணைத்துவிட்டு, உன் பழைய படிப்பு விளக்கைப் பலகையின் ஓரத்தில், தரை மட்டத்துக்குச் சாய்த்து வைத்தேன். அம்மா அடுப்படியிலிருந்து வந்தவள் பேசாமல் நின்றுவிட்டாள். ஒரு நாணயத்தின் நிழல் பள்ளத்தைத் தாண்டி அடுத்த வரப்பு வரை போயிற்று.

எந்த ஓரம் எதோடு சேரும் என்று அடிப்பக்கம் எண் போட்டிருக்கிறேன். திரும்பிப் போகும்போது எடுத்துப்போக வேண்டுமானால் உன் பெட்டியின் உள் அளவை எழுது. நாலாவது பலகையை இன்னும் பூசி மூடவில்லை, அதில் ஒரு பள்ளம் நீ வெட்ட வேண்டும்.

அன்புடன்,
அப்பா