தேய்பிறைப் படங்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய மூன்று நிலாப் படங்களும் வந்து சேர்ந்தன. கோப்பர்னிகஸ் பிரமாதம். 93 கிலோமீட்டர் அகலப் பள்ளம். அதன் உள்சுவர் படிப்படியாக இறங்குவதுகூடத் தெரிகிறது. அந்தப் பொறுமை உன் அம்மாவுடையது, என்னுடையதல்ல.

ஆனால் ஓரத்தில் நேரம் குறித்திருக்கிறாயே: 2.40, 3.15, 4.05. மூன்றும் தேய்பிறை. வளர்பிறையில் வரைந்தால் சாயங்காலமே முடித்துவிட்டுப் படுக்கலாம். உனக்குத் தெரியாததா? தூங்கு, பாப்பா.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதை அப்புறம் எழுதுகிறேன்.

முதலில் நிழலை வரை. நிலவின் நடுக்கோட்டில் வெளிச்சத்தின் விளிம்பு மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் நகர்கிறது. நீ பென்சில் சீவுவதற்குள் ஒரு சிகரம் இருட்டிவிடும். ஓர் இரவுக்கு ஒரு பள்ளம் போதும். வரைந்ததும் படு. மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்றால் 'ம்' என்கிறாய். சரி, கேட்கவில்லை.

மூன்றாவது படம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. நேர்ச்சுவர், நிலாத்தரையில் நேர்கோடாக ஓடும் அந்தச் சரிவு. 110 கிலோமீட்டர் நீளக் கோட்டைத் தாளின் வெள்ளையாகவே விட்டிருக்கிறாய். எட்டாம் வகுப்பில் ஒரு விடிகாலை நீயாக எழுந்துபோய் இப்படித்தான் வரைந்துவந்தாய். "அது கறுப்புக் கோடு, ஒழுங்காகப் பார்" என்று பென்சிலைப் பிடுங்கி நானே அழுத்திக் கறுப்பாக்கினேன்.

நான் அதைப் பார்த்ததெல்லாம் வளர்பிறையில், சுவரின் நிழல் விழும் நேரத்தில். தேய்பிறையில் வெயில் எதிர்ப்பக்கமிருந்து சுவரின் முகத்திலேயே அடிக்கும். போன வாரம் நாலு மணிக்கு எழுந்து தொலைநோக்கியில் பார்த்தேன். மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு. நீ பார்த்தது சரி. பார்க்காமலே திருத்தியவன் நான்.

அன்று நீ எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறம் எதையும் என்னிடம் அவ்வளவாகச் சொன்னதில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. பழைய நோட்டைத் தேடி எடுத்து அந்தக் கறுப்பை அழிக்கப் பார்த்தேன். கரி போய்விட்டது. அழுத்திய தடம் பின்பக்கம் வரை இருக்கிறது.

இப்போதெல்லாம் மூன்று மணிக்கே எனக்கும் விழிப்பு வந்துவிடுகிறது. முழித்திருந்தால் போன் போடு, நிலாவைப் பற்றித்தான் பேச வேண்டும் என்றில்லை. தூங்கிவிட்டால் ரொம்ப நல்லது.

அப்பா