மூடிய கதவுகளுக்கு முழுக் கட்டணம்: கோபன்ஹேகன் சுற்றுலா பற்றிய புகார்

அனுப்புநர்:
பதிவு விவரம் இணைப்பில் உள்ள வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: நவம்பர் இரண்டாவது வாரக் கோபன்ஹேகன் சுற்றுலா – அட்டவணையில் உள்ளபடி நடத்தாதது – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் கோபன்ஹேகன் சுற்றுலாவில் நான், என் மனைவி, ஆறாம் வகுப்பு படிக்கும் மகள், என் அப்பா ஆகிய நால்வரும் வந்து திரும்பினோம். வந்ததும் உங்கள் கோவை கிளையில் நேரில் போய்ச் சொன்னேன். "எழுதிக் கொடுங்க சார், மேல அனுப்பறோம்" என்றார்கள். அதனால் இந்தக் கடிதம்.

குளிர், மழை, காற்று பற்றி இதில் ஒரு வரிகூடப் புகார் இருக்காது. நவம்பரில் டென்மார்க் போனால் நனையத்தான் வேண்டும், தெரிந்துதான் போனோம். ஊர் மீதும் குறை இல்லை. புகார் எல்லாம் உங்கள் அட்டவணை மீதுதான். அந்த வாரத்தில் திறந்தே இருக்காத இடங்களையும், அந்த நேரத்தில் நடக்கவே நடக்காதவற்றையும் வரிசையாக அச்சடித்து விற்றிருக்கிறீர்கள்.

முதலில் டிவோலி. "ஞாயிறு மதியம்: டிவோலி பூங்கா, நுழைவுக் கட்டணமும் சவாரிகளும் உட்பட" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். இந்தச் சுற்றுலாவை நாங்கள் தேர்ந்தெடுத்ததே அந்த ஒரு வரிக்காகத்தான். 1843-ல் திறந்த பூங்கா அது. உள்ளே 1914-ல் கட்டிய மர ரோலர் கோஸ்டர் ஒன்று இன்னமும் ஓடுகிறது. பிரேக் பிடிக்க ஒருவர் அந்த ரயிலிலேயே உட்கார்ந்து வருவார். இதை எங்கேயோ படித்துவிட்டு என் மகள் இரண்டு மாதம் அதையே பேசிக்கொண்டிருந்தாள். பேருந்து எங்களைப் பூங்கா வாசலில் இறக்கியது. வாசல் பூட்டியிருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் ஏணி போட்டு மரங்களில் கிறிஸ்துமஸ் விளக்குச் சரம் சுற்றிக்கொண்டிருந்தார்கள். உங்கள் சுற்றுலா மேலாளர் வாசலில் இருந்த பலகையைப் பார்த்துவிட்டு, "ஓ, க்ளோஸ்டா?" என்று எங்களையே கேட்டார்.

டிவோலி வருடம் முழுக்கத் திறந்திருக்கும் இடம் இல்லை. ஹாலோவீன் சீசன் நவம்பர் தொடக்கத்தில் முடிந்தால், கிறிஸ்துமஸ் சீசனுக்குத் தயாராகும்வரை மூடிவிடுவார்கள். நவம்பர் நடுவில்தான் மறுபடி திறப்பார்கள். எந்தெந்த நாளில் திறப்பு, எப்போது மூடல் என்று பூங்காவே முன்கூட்டி வெளியிடுகிறது. நாங்கள் போனது சரியாக அந்த இடைவெளியில். அந்தத் தேதிகளை முடிவு செய்தது நீங்கள், நாங்கள் அல்ல. ஒரு வாரம் தள்ளி வைத்திருந்தால் கிறிஸ்துமஸ் சந்தையோடு பார்த்திருக்கலாம்.

டிவோலி போனால் போகட்டும், மாலையில் படகு இருக்கிறதே என்று மகளைத் தேற்றினோம். "மாலை 6 மணி: நியூஹாவ்ன் கால்வாயில் சூரிய அஸ்தமனப் படகுச் சவாரி." அன்றைக்கு கோபன்ஹேகனில் சூரியன் மறைந்தது மாலை 4 மணி சுமாருக்கு. 6 மணிக்கு நாங்கள் படகுத் துறையில் நின்றபோது கும்மிருட்டு. துறையில் டிக்கெட் கூண்டு சாத்தியிருந்தது, கடைசிப் படகு எப்போதோ போய்விட்டிருந்தது. கோடைக்காலத்துக்குப் போட்ட அட்டவணையை அப்படியே நவம்பருக்கும் கொடுத்துவிட்டார்கள் போல என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஜூன் மாதம் அந்த ஊரில் சூரியன் மறைய இரவு 10 மணி ஆகும்! மார்ச்சிலும் அக்டோபரிலும் சில நாட்களைத் தவிர 6 மணிக்கு அங்கே அஸ்தமனமே கிடையாது. ஆக, இதை எழுதியவர் கோபன்ஹேகனை மனதில் வைத்து எழுதவில்லை. மெரினாவில் சூரியன் எப்போது மறையுமோ அந்த நேரத்தைப் போட்டுவிட்டார்.

அன்று இரவு உணவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். "பாரம்பரிய டேனிஷ் இரவு உணவு: ஸ்மூர்பிரூட்" என்று 7.30 மணிக்கு ஒரு உணவகத்துக்கான கூப்பன் கொடுத்திருந்தீர்கள். கம்பு ரொட்டி மாதிரிக் கறுத்து, கனத்து இருக்கும் ரை ரொட்டித் துண்டில் வெண்ணெய் தடவி, மேலே ஊறவைத்த ஹெர்ரிங் மீனோ, இறாலோ, உருளைக்கிழங்கோ அடுக்கி, கத்தியும் முள்கரண்டியுமாகச் சாப்பிடுவது ஸ்மூர்பிரூட். அது அவர்களுக்கு மதியச் சாப்பாடு. அதற்கென்றே இருக்கும் பழைய கடைகளில் பல, பிற்பகலோடு அடுப்பை அணைத்துவிடும். நீங்கள் கூப்பன் கொடுத்த கடையும் அந்த ரகம்தான். நாற்காலிகளை மேசை மேல் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு பையன் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தான். கூப்பனைக் கண்ணாடிக் கதவு வழியாகக் காட்டினேன். வாசித்துப் பார்த்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு, கதவில் ஒட்டியிருந்த நேரப் பட்டியலைக் காட்டினான். மூடுவது மாலை 4 மணி.

சுற்றுலா மேலாளர் தொலைபேசியை எடுக்கவில்லை. மழையில் நடந்து ஒரு ஹாட் டாக் வண்டியைப் பிடித்தோம். எங்கள் மூவருக்கும் குறையில்லை: வறுத்த வெங்காயம், ஊறுகாய் வெள்ளரிக்காய், மஞ்சள் ரெமுலாட் சாஸ் எல்லாம் போட்டு நன்றாகவே கொடுத்தார்கள். முட்டைகூடத் தொடாத சைவமான என் அப்பா வெறும் பன்னில் வறுத்த வெங்காயத்தைத் தூவிச் சாப்பிட்டார். "சைவ உணவு உறுதி" என்று நீங்கள் போட்ட முத்திரை பயணச்சீட்டில் இன்னும் பளிச்சென்று இருக்கிறது.

மற்ற இரண்டு இரவுகளும் இந்திய பஃபே. சனிக்கிழமையும் திங்கட்கிழமையும் அதே கடை, அதே பனீர் பட்டர் மசாலா. விளம்பரத்தில் "நார்டிக் உணவு அனுபவம்" என்று எழுதிவிட்டு இங்கே ஏன் கூட்டி வந்தீர்கள் என்று கேட்டதற்கு, "நம்ம ஆளுங்களுக்கு இதுதான் சார் செட் ஆகும்" என்று பதில் வந்தது. யாருக்கு எது செட் ஆகும் என்பதைக் காசு கொடுப்பவர் முடிவு செய்யட்டுமே! பனீர் பட்டர் மசாலாவுக்கு எங்கள் வீட்டுத் தெருவிலேயே கடை இருக்கிறது.

திங்கட்கிழமைக்கு நீங்கள் போட்டது தேசிய அருங்காட்சியகம், அப்புறம் கார்ல்ஸ்பர்க் கிளிப்டோடெக். குளிர்காலத்தில் இரண்டுக்கும் திங்கள் விடுமுறை. ஐரோப்பாவில் பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை என்பது இந்தத் தொழிலில் புதிதாகச் சேர்ந்தவருக்குக்கூடத் தெரிந்திருக்கும். ஞாயிறையும் திங்களையும் மாற்றிப் போட்டிருந்தாலே தீர்ந்தது. அதற்குப் பதில், "ஃப்ரீ டைம்" என்று சொல்லி ஸ்ட்ரோயட் கடைத்தெருவில் இறக்கிவிட்டார்கள். அங்கே இருந்த நேரம், குட்டிக் கடற்கன்னி சிலைக்கு ஒதுக்கிய நேரத்தைவிடப் பல மடங்கு அதிகம்.

அந்தச் சிலை பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் விளம்பரத்தில் "பிரம்மாண்டமான கடற்கன்னி சிலை (நுழைவுக் கட்டணம் உட்பட)" என்று இருக்கிறது. 1913-ல் எட்வர்ட் எரிக்சன் செய்து வைத்த அந்தச் சிலையின் உயரம் 1.25 மீட்டர். என் மகள் அதைவிட உயரம். அது கடற்கரையோரப் பாறை மேல் உட்கார்ந்திருக்கிறது, யார் வேண்டுமானாலும் எந்நேரமும் போய்ப் பார்க்கலாம், பைசா கிடையாது. இல்லாத கட்டணத்தை எப்படி "உட்பட" ஆக்கினீர்கள், அது எவ்வளவு என்று எழுத்தில் தெரிவிக்கவும். இதை நான் கிண்டலுக்குக் கேட்கவில்லை.

திங்களன்று கடைத்தெருவில் நிற்கப் பிடிக்காமல் நாங்களாகவே பக்கத்தில் இருந்த வட்டக் கோபுரத்துக்குப் போனோம். உங்கள் குறிப்பில் "படிகள் அதிகம், முதியவர்கள் தவிர்க்கவும்" என்று இருந்ததால் அப்பா கீழேயே நிற்கிறேன் என்றார். முழங்கால் தேய்மானம் அவருக்கு. உள்ளே போய்ப் பார்த்தால் படியே இல்லை! நான்காம் கிறிஸ்டியன் மன்னர் வானாய்வுக்காகக் கட்டி 1642-ல் முடித்த கோபுரம் அது. செங்கல் பாவிய சரிவுப் பாதை ஒன்று ஏழரைச் சுற்றுச் சுற்றி மேலே போகிறது. 1716-ல் ரஷ்யாவின் பீட்டர் மன்னர் குதிரையிலேயே மேலே போனதாகச் சொல்வார்கள். வெள்ளையடித்த சுவரைத் தொட்டுக்கொண்டு, ஜன்னலுக்கு ஜன்னல் நின்று, அப்பாவும் மெதுவாக ஏறிவிட்டார். உச்சியில் மட்டும் குறுகலான சில படிகள். அங்கே நின்று ஊரைப் பார்த்ததுதான் இந்தப் பயணத்தில் அவருக்குப் பிடித்த ஒன்று. உங்கள் குறிப்பை நம்பியிருந்தால் அதுவும் போயிருக்கும். இந்த ஊருக்கு உங்கள் அலுவலகத்தில் யாராவது ஒருவராவது போயிருக்கிறார்களா என்ற சந்தேகம் எனக்கு அப்போதுதான் வந்தது.

மறுநாள் உங்கள் பேருந்தில் நாங்கள் ஏறவில்லை. ஓட்டுநரே இல்லாத மெட்ரோவில் நாரபோர்ட் நிலையம் போய், டோர்வஹாலர்ன என்ற கண்ணாடிக் கூடச் சந்தையில் சாப்பிட்டோம். அங்கே கஞ்சி விற்கும் கடைகூட இருக்கிறது. ஆப்பிள் துண்டும் வறுத்த பாதாமும் போட்ட ஓட்ஸ் கஞ்சியை அப்பா ரசித்துக் குடித்தார். மயோனைஸ் இல்லாமல் உருளைக்கிழங்கு ஸ்மூர்பிரூட் கேட்டோம், முகம் சுளிக்காமல் செய்து கொடுத்தார்கள். பிற்பகலில் கிளிப்டோடெக் திறந்திருந்தது, எங்கள் காசில் டிக்கெட் எடுத்துப் பார்த்தோம். ஆக, அந்த வாரத்திலும் அந்த ஊரில் பார்க்க, சாப்பிட எல்லாம் இருந்தது. சைவம் கிடைக்காது என்பதும் பொய்.

கிளையில் எனக்குச் சொன்ன பதில், "தவிர்க்க இயலாத காரணங்களுக்கு நிறுவனம் பொறுப்பல்ல" என்ற விதி. தவிர்க்க இயலாதது எது என்பதற்கு உங்கள் அட்டவணையிலேயே உதாரணம் இருக்கிறது. "பேருந்திலிருந்து காணும் காட்சிகள்" என்ற பட்டியலில் பழைய பங்குச் சந்தைக் கட்டடத்தின் டிராகன் வால் கோபுரத்தைச் சேர்த்திருக்கிறீர்கள். 2024 ஏப்ரல் 16 அன்று அந்தக் கட்டடம் தீப்பிடித்து, கோபுரம் எரிந்து சரிந்ததைத் தொலைக்காட்சியில் உலகமே பார்த்தது. அந்தத் தீ யாராலும் தவிர்க்க முடியாததாக இருக்கலாம். எரிந்துபோன கோபுரத்தின் படத்தைப் போட்டு அதற்குப் பிறகும் டிக்கெட் விற்பது தவிர்க்க முடியாததா? பூங்காவின் திறப்பு நாள், அருங்காட்சியகத்தின் வார விடுமுறை, சூரியன் மறையும் நேரம், ஓர் உணவகத்தின் வேலை நேரம்: இந்த நான்கையும் சரிபார்க்க உங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கு அரை மணி நேரம் போதும்.

இன்னொன்று. "உள்ளூர் வழக்கம்" என்று சொல்லி ஆளுக்கு நாளொன்றுக்கு 5 யூரோ டிப்ஸ் கட்டாயமாக வசூலித்தார்கள், ரசீது இல்லை. டென்மார்க்கில் புழங்குவது குரோன். உணவக பில்லில் சேவைக் கட்டணமும் 25 சதவீத வரியும் சேர்ந்தே வரும், டிப்ஸ் கட்டாயம் என்ற பேச்சே கிடையாது. இது யார் பைக்குப் போனது என்று தெரிய வேண்டும்.

நான் கேட்பது இதுதான். டிவோலி, படகு, இரண்டு அருங்காட்சியகங்கள், ஞாயிறு இரவு உணவு ஆகியவற்றுக்காக எங்கள் நால்வரிடமும் வாங்கிய தொகை முழுவதையும் திருப்பித் தர வேண்டும். நாங்கள் கையிலிருந்து போட்ட உணவு, டிக்கெட் செலவு பில்கள் இணைப்பில் உள்ளன, அதையும் டிப்ஸ் பணத்தையும் சேர்த்துத் தர வேண்டும். அடுத்த பயணத்தில் தள்ளுபடி தருகிறோம் என்று கிளையில் சொன்னார்கள். வேண்டாம். பணமாக, எந்தக் கணக்கிலிருந்து செலுத்தினேனோ அதே கணக்குக்கு வர வேண்டும். டிசம்பருக்கும் ஜனவரிக்கும் இதே அட்டவணை இப்போதும் விற்பனையில் இருப்பதைப் பார்த்தேன், அதே 6 மணி அஸ்தமனத்தோடு. அதை உடனே திருத்துங்கள். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு இன்னும் பல குடும்பங்கள் கிளம்பும்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும். வராவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன் கீழ் சேவைக் குறைபாடு, தவறான விளம்பரம் என்ற அடிப்படையில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். நான் வசிக்கும் ஊரிலேயே கொடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. எனவே "சென்னைக்கு வந்து பேசுங்க" என்ற பதில் மட்டும் தயவுசெய்து வேண்டாம்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

இணைப்பு: அட்டவணையின் நகல், பணம் செலுத்திய ரசீது, பயன்படுத்தாத உணவகக் கூப்பன், டிவோலி வாசலிலும் உணவகக் கதவிலும் எடுத்த படங்கள், செலவு பில்கள்.