சேற்றையும் அள்ளிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆற்றில் ரசாயனக் கழிவு கலந்து மீன்கள் செத்து மிதந்ததாகப் போன வாரம் வெளியிட்டிருந்தீர்கள். செத்த மீன்களைக் கணக்கெடுத்தார்கள், சரி. சேற்றுக்குள் செத்ததை யார் எண்ணினார்கள்?

வைகை கடலில் சேரும் ஆற்றங்கரைப் பக்கம் எங்கள் ஊர். அம்மா கழிமுகத்துத் தண்ணீரில் உட்கார்ந்து, கையால் தடவி இறால் பிடித்துப் பனையோலைப் பறிக்கூடையில் போடுவார். சில வருடங்களுக்கு முன் ஒரு விடியற்காலையில், பக்கத்து இறால் பண்ணை ஒன்று குளம் கழுவிய தண்ணீரைத் திறந்துவிட்டது. பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கில் ஏறியது. நண்டுகள் வாயில் நுரை தள்ளக் கரையேறி நின்றன. இறால் வெளுத்துக் கிடந்தது. மடவை மீன் மட்டும் கடல் பக்கம் ஓடித் தப்பித்தது. அதிகாரிகள் வந்தது மறுநாள் மாலை. அதற்குள் கடல் ஏறி வற்றித் தண்ணீர் தெளிந்துவிட்டது. பாட்டிலில் பிடித்துப்போனார்கள், குறை ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. பத்து நாளில் மடவை திரும்பியது. அம்மாவின் பறி அடுத்த மழைக்காலம் வரை நிறையவே இல்லை.

மீனுக்காவது ஓட வழி உண்டு. சிப்பியும் நத்தையும் சேற்றுப்புழுவும் எங்கே ஓடும்? பூச்சிமருந்து கலந்தால் இன்னும் மோசம். இறாலும் நண்டும் பூச்சிக்குச் சொந்தம், எல்லாம் கணுக்காலி இனம். மீன் தாங்கிக்கொள்ளும் அளவே இவற்றைத் தீர்த்துவிடும். அப்புறம் மீன் எதைத் தின்னும்?

1986 நவம்பர் 1 அன்று சுவிட்சர்லாந்தின் பாசெல் அருகே ரசாயனக் கிடங்கு தீப்பிடித்து, தீயணைத்த தண்ணீரோடு பூச்சிக்கொல்லி ரைன் ஆற்றில் இறங்கியது. சுமார் 400 கிலோமீட்டருக்கு விலாங்குகள் மடிந்தன. விலாங்கு அடிமண்ணில் கிடக்கும் மீன். ஆனால் ரைன் வற்றாத ஆறு. மேலேயிருந்த பூச்சிப்புழுக்கள் நீரோட்டத்தில் இறங்கி வந்து மறுபடி குடியேற முடிந்தது. எங்கள் வைகையில் வருடத்தின் பெரும்பகுதி மணல்தான். மேலிருந்து எது வரும்?

ஆற்றடி உயிர்களை வைத்துத் தண்ணீரின் தரத்தை அறியும் முறையை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே வகுத்திருக்கிறது. அதை இங்கேயும் செய்யட்டும். கழிவு கலந்த இடத்துக்கு மேலும் கீழும் சேற்றை அள்ளிச் சலித்து, என்ன உயிர் இருக்கிறது என்று எண்ணட்டும். மூன்று மாதம் கழித்து மறுபடி வரட்டும். வரும்போது பறி கட்டும் பெண்களையும் கூப்பிடுங்கள். எந்தக் குழியில் எது இருந்தது என்று அவர்கள் கைக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ராமநாதபுரம் மாவட்டம்