இறங்கும் கதவையும் திறந்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தியக் கால்பந்து லீக்குகளில் கடைசி இடத்துக்கு வரும் அணியைக் கீழ்ப் பிரிவுக்கு இறக்கும் விதி வேண்டாம் என்று வாதிட்ட கட்டுரையைத் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் படித்தேன். பணம் போட்டவர்கள் கையை உதறிவிட்டுப் போய்விடுவார்கள், ரசிகர்கள் மனம் உடைந்து மைதானத்துப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்பது கட்டுரையாளரின் கவலை. பணத்தைப் பற்றிச் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ரசிகர்களைப் பற்றிச் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்தப் பருவத்தில்தான் என் அணி ஏற்காட்டில் தோற்று, முதல் பிரிவிலிருந்து இறங்கியது. அன்று நான் அங்கே இருந்தேன்.

எங்களுடையது பெரிய கிளப் எதுவும் இல்லை. சிவதாபுரம் சுற்றுவட்டாரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளில் வேலை பார்க்கும் பையன்கள் சேர்ந்து நடத்தும் அணி. கம்பி இழுப்பவர், பற்றவைப்பவர், மெருகு போடுபவர் எல்லோரும் அதில் உண்டு. சட்டைக்கும் வண்டிக்கும் ஒரு பட்டறைக்காரர் பணம் தருகிறார். வட்டார லீக்கின் முதல் பிரிவில் பல ஆண்டுகளாக ஆடி வந்தோம். இந்தப் பருவத்தில் ஆர்டர் குவிந்த மாதங்களில் பாதிப் பேருக்குப் பயிற்சிக்கு நேரம் கிடைக்கவில்லை. புள்ளிகள் கைநழுவின. கடைசி ஆட்டத்துக்கு ஏற்காடு போனபோது எங்களுக்கு டிரா போதும். எஸ்டேட் பிள்ளைகள் நிறைந்த மலை அணிக்கு வெற்றி வேண்டும். இரண்டில் ஒன்று இறங்கியாக வேண்டும்.

பட்டம் யாருக்கு என்பது முந்தைய வாரமே தெரிந்துவிட்டது. ஆனாலும் அந்தப் பருவத்தில் நான் பார்த்த ஆட்டங்களிலேயே அதிகக் கூட்டம் இந்த ஆட்டத்துக்குத்தான். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, வேனிலும் இருசக்கர வண்டிகளிலும் எங்கள் ஆட்கள் வந்திருந்தார்கள். மலை ஆட்கள் காபித் தோட்டங்களிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார்கள். கடைசி இரண்டு அணிகள் மோதும் ஆட்டத்துக்கு இத்தனை பேர் திரண்டது ஏன் என்று கட்டுரையாளர் ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்க வேண்டும். இறங்கும் விதி இல்லையென்றால் அன்று அங்கே ஒரு நாயும் எட்டிப் பார்த்திருக்காது.

இடைவேளைக்குப் பிறகு மேகம் இறங்கி மைதானத்தை மூடியது. நாங்கள் நின்ற இடத்திலிருந்து எங்கள் கோல் கம்பம் கண்ணுக்குத் தெரியவில்லை. மஞ்சள் சட்டைகள் மட்டும் அவ்வப்போது தெரிந்து மறைந்தன. ஆட்டம் முடியச் சிறிது நேரமே இருந்தபோது அவர்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. பந்து மேலே எழுந்தது வரை பார்த்தேன். அதற்குப் பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து ஆரவாரம்தான் கேட்டது. எங்களில் ஒருவர்கூட அந்த கோலைக் கண்ணால் பார்க்கவில்லை. நடுவர் மையத்தை நோக்கி ஓடி வந்ததைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டோம்.

இறுதி விசில் ஊதியதும் எங்கள் கோல்கீப்பர் கம்பத்தின் அடியில் உட்கார்ந்து, ஷூவின் அடியில் ஒட்டியிருந்த சேற்றை ஒரு குச்சியால் நெடுநேரம் சுரண்டிக்கொண்டிருந்தான். பற்றவைக்கும் வேலை செய்பவன். விரல் நுனிகளில் எல்லாம் தீக்காயத் தழும்புகள். நாங்கள் பக்கத்தில் போய் நின்றதும் நிமிர்ந்து, “அடுத்த வருடமும் வருவீர்களா அண்ணா?” என்று கேட்டான். தோற்றதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கீழே இறங்கிய பிறகும் எங்களோடு இருப்பீர்களா என்பதுதான் அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது. “வராமல் எங்கே போகப் போகிறோம்” என்றார் என்னோடு வந்திருந்த பெரியவர். அவன் அப்போதுதான் அழுதான். நானும் அழுதேன்.

மலை அணியின் ஆட்கள் எங்களைச் சீண்டவில்லை. ஒரு அம்மா தூக்குப் போசியில் கொண்டுவந்த காபியை எங்கள் பையன்களுக்கும் ஊற்றிக் கொடுத்தார். தோற்றிருந்தால் தங்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்பது அவர்களுக்கும் தெரியும். இந்த மரியாதையை, பட்டம் முடிவாகும் ஆட்டங்களில் நான் பார்த்ததே இல்லை.

இப்போது பெரிய லீக்குக்கு வருகிறேன். இந்தியன் சூப்பர் லீக் என்ற ஐஎஸ்எல் 2014-இல் தொடங்கியது. மேலே ஏறும் வழி பின்னர் திறந்தது. அதற்கு அடுத்த நிலை லீக்கான ஐ-லீக்கை 2022-23-இல் வென்ற பஞ்சாப் அணியும், 2023-24-இல் வென்ற முகமதன் ஸ்போர்ட்டிங்கும் அப்படித்தான் ஏறின. ஆனால் 2024-25 பருவம் முடியும்வரை அங்கிருந்து ஒரு அணிகூட இறங்கியதில்லை. அந்தப் பருவத்தில் 13 அணிகளில் முகமதன் கடைசி. நம் சென்னையின் எஃப்சி பதினோராவது. 2015-லும் 2017-18-லும் கோப்பை வென்ற அணி அது. கோப்பைக்கான பிளே-ஆஃப் சுற்று வாய்ப்பு போன பிறகு மிச்ச ஆட்டங்களில் அதற்கு என்ன பதற்றம் இருந்திருக்கும்? அந்த ஆட்டங்களுக்காகச் சேலத்திலிருந்து இரவு பஸ் ஏறிச் சென்னைக்குப் போன ரசிகனுக்கு என்ன மிஞ்சியது? கீழே விழ முடியாத அணியைக் காப்பாற்ற ரசிகன் தொண்டை கிழியக் கத்த வேண்டிய அவசியம் இல்லை. ரசிகனை மைதானத்திலிருந்து விலக்குவது இதுதான்.

இறங்காமலே ஒரு அணி இல்லாமல் போவதையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2019 மார்ச் 9 அன்று கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கில் சென்னை சிட்டி எஃப்சி ஐ-லீக் பட்டத்தை வென்றதைச் சேலத்திலிருந்து போன எங்களைப் போன்றவர்கள் மறக்க மாட்டோம். மினர்வா பஞ்சாபிடம் மூன்றாவது நிமிடத்திலேயே கோல் வாங்கிய அணி, இடைவேளைக்குப் பிறகு மூன்று கோல் போட்டது. ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதல். இரண்டு பருவங்களுக்குப் பிறகு, 2021-22 ஐ-லீக் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. கண் முன்னே தோற்று இறங்கியிருந்தால் அழுதுவிட்டு இரண்டாம் பிரிவுக்கும் கூடவே போயிருப்போம். அழுவதற்கு ஒரு கடைசி ஆட்டம்கூட எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஏற்காட்டில் பட்ட வேதனையைவிட இதுதான் எனக்கு இன்னும் ஆறாமல் இருக்கிறது.

கீழே போனால் எல்லாம் முடிந்தது என்கிறார் கட்டுரையாளர். பெலே ஆடிய சான்டோஸ் 1912-இல் தொடங்கிய கிளப். 2023 டிசம்பரில், பெலே மறைந்து ஓராண்டு நிறைவதற்குச் சற்று முன், வரலாற்றில் முதல் முறையாக பிரேசிலின் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. அடுத்த ஆண்டே அந்தப் பிரிவை வென்று திரும்பி வந்தது. 2016-இல் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கையே வென்ற லெஸ்டர் சிட்டி 2023-இல் இறங்கி, மறு ஆண்டு ஏறி, 2025-இல் மீண்டும் இறங்கியது. இவர்களுடைய ரசிகர்கள் வீட்டுக்குள் முடங்கிவிடவில்லை.

பணப் பிரச்சினைக்கும் வழி இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கும் கிளப்புகளுக்கு ஒளிபரப்பு வருமானத்தில் ஒரு பங்கை, பாராசூட் தொகை என்று, மூன்று ஆண்டுகள் வரை குறைத்துக் குறைத்துக் கொடுக்கிறார்கள். வீரர்களின் சம்பளம் ஒரே நாளில் நின்றுவிடாது. நம் லீக்கின் வருமானம் சிறியது என்பது தெரியும். அதற்கேற்ற சிறிய தொகையாக இருக்கட்டும். முதலீடு செய்தவர் போய்விடுவார் என்பதற்காக ஆட்டத்தின் உயிரையே எடுத்துவிடக் கூடாது. எங்கள் பட்டறைக்காரர் அடுத்த பருவத்துக்கும் வண்டி வாடகை தருவதாகச் சொல்லிவிட்டார்.

ஒரு விலக்கு மட்டும் எனக்கு நியாயமாகப் படுகிறது. 2023 மே மாதம் மணிப்பூரில் கலவரம் வெடித்த பிறகு, இம்பாலின் நெரோகா, டிராவ் ஆகிய இரு அணிகளும் 2023-24 ஐ-லீக்கில் சொந்த ஊரில் ஆட முடியாமல் போயின. சொந்த மைதானத்து ஆட்டம் என்று பட்டியலில் இருந்ததைக்கூட வேறு மாநிலத்தில் ஆடினார்கள். பருவ முடிவில் இரண்டுமே இறக்கப்பட்டன. எல்லா ஆட்டமும் வெளியூர் ஆட்டமாகிப் போன அணியை மற்றவர்களோடு ஒரே தட்டில் வைத்து எடைபோட்டது தவறு. ஊர் பற்றி எரியும்போது ஆடிய அணிகளுக்கு ஓராண்டு அவகாசம் கொடுத்திருக்கலாம். விதிக்கு விலக்கு தேவைப்பட்ட இடம் அதுதான். வசதியாக ஆடிக் கடைசியில் நிற்கும் அணிகளுக்கு அந்தச் சலுகை கேட்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். தங்கள் சேலம் பதிப்பில் வட்டார லீக் பற்றி வரும் செய்தி, பட்டம் வென்ற அணியின் படத்தோடு முடிந்துவிடுகிறது. புள்ளிப் பட்டியலைக் கடைசி வரி வரைக்கும் போடுங்கள். இரண்டாம் பிரிவு ஆட்டங்களின் தேதியையும் நேரத்தையும் இரண்டு வரியிலாவது வெளியிடுங்கள். அடுத்த பருவத்தில் எங்கள் பையன்கள் எங்கே ஆடுகிறார்கள் என்று பட்டறை பட்டறையாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், காலையில் பேப்பரைப் பார்த்துவிட்டு நாங்கள் கிளம்ப வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சிவதாபுரம், சேலம்.