சென்னிமலைப் பக்கம் எங்களுக்கு உதவிய டெம்போ அண்ணாவுக்கு நன்றி

அண்ணா, எங்கள் வீட்டு எழுதிங்கள் சீர் என்ற கொங்குச் சடங்கு விசேஷத்துக்குப் பாத்திரம் இறக்க வந்தீர்களே, பெயர்கூடக் கேட்கவில்லை.

மழையில் நனையக் கூடாதென்று வாடகை ஜெனரேட்டரைத் திண்ணைக்கு நகர்த்தியிருந்தார்கள். பக்கத்து அறையில் படுத்திருந்த பெரியம்மாவுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் தலைவலி, வாந்தி. விருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று சோடா தேடிக்கொண்டிருந்தோம். நீங்கள்தான், "ஏனுங்க, பந்தியில எல்லாருந்தான சாப்டாங்க, ஒரே ரூம்ல படுத்தவங்களுக்கு மட்டும் எப்படிங்க?" என்றீர்கள். ஜெனரேட்டரை அணைத்து, மூவரையும் களத்து வெளிக்காற்றுக்குத் தூக்கி வந்து, 108-ஐ அழைத்து, "ஜெனரேட்டர் புகைங்க" என்று முதலிலேயே சொன்னீர்கள்.

அந்த ஒரு வார்த்தைதான் காப்பாற்றியது. விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி 98 காட்டியதும் நாங்கள் நிம்மதியாகிவிட்டோம். ஜெனரேட்டர் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு ஏறிய ரத்தத்தையும் அது ஆக்சிஜன் ஏறியதாகவே காட்டுமாம். டாக்டர் அந்த எண்ணை நம்பாமல் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பி, மாஸ்க் வழியாக முழு ஆக்சிஜன் கொடுத்தார். இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நீங்கள் சொல்லியிராவிட்டால் யாருக்குத் தோன்றியிருக்கும்?

மூவரும் நலம். பெரியம்மா தினமும் உங்களை விசாரிக்கிறார். அந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாங்க அண்ணா, சாப்பிடாமல் அனுப்ப மாட்டோம்.