9,500 ரூபாய் வாடகை, கையில் நின்றது 4,990

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பென்ஷன் போதாதவர்கள் சொந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு போய் இருக்கலாம், மாதம் பிறந்தால் சுளையாகப் பணம் வரும் என்று தங்கள் நாளிதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். நானும் அப்படி நினைத்துக் கிளம்பியவன்தான். தருமபுரி குமாரசாமிப்பேட்டையில் இரண்டு படுக்கையறை வீடு, 1,100 சதுர அடி. மனைவி போன பிறகு தனியாக இருக்க முடியாமல், 2021 மார்ச்சில் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஓசூருக்கு மகனிடம் போனேன்.

அரசுப் பேருந்தில் 29 வருடம் நடத்துநர் வேலை பார்த்தவன் நான். ராத்திரி டிப்போவில் வே-பில்லோடு (அன்றைய டிக்கெட் கணக்குத் தாள்) பணத்தை எண்ணிக் கட்டும்போது பத்து ரூபாய் குறைந்தாலும் கைக்காசைப் போட வேண்டும். அந்தப் பழக்கத்தில் வாடகைக்கும் ஒரு நோட்டுப் போட்டேன். 2021 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை, சரியாக 36 மாதக் கணக்கு அதில் இருக்கிறது.

மாத வாடகை 9,500. 36-ஆல் பெருக்கினால் 3,42,000. அந்த வாசகர் போட்டது இந்தக் கணக்கு. ஆனால் நான் வீட்டைக் காலி செய்த நேரம் கொரோனா இரண்டாம் அலை, மே மாதம் முழு ஊரடங்கு. மூன்று மாதம் வீடு பார்க்கக்கூட ஆள் வரவில்லை. அப்புறம் ஒரு குடும்பம் 20 மாதம் இருந்து போனது. அடுத்தவர் வரும்வரை இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தது. ஆக 31 மாத வாடகைதான் வந்தது, 2,94,500 ரூபாய். பஸ்ஸில் ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் டீசல் எரியும் அல்லவா, அது போலத்தான் காலி வீடும். வீட்டு வரி நிற்காது.

செலவைக் கேளுங்கள். புரோக்கருக்கு இரண்டு தடவை ஒவ்வொரு மாத வாடகை, 19,000. முதல் குடும்பம் போனதும் உள்ளே வெளியே பெயிண்ட், கம்பிக் கதவுகளுக்கும் சேர்த்து 42,000. போர் மோட்டார் எரிந்துபோய், பைப்பைத் தூக்கிப் புது மோட்டார் இறக்கியதில் 18,500. செப்டிக் டேங்க் லாரி மூன்று தடவை, 7,500. குழாய், சுவிட்ச், தாழ்ப்பாள் என்று அவ்வப்போது 9,400. வீட்டு வரியும் தண்ணீர்க் கட்டணமும் 15,600. 2022 ஏப்ரலில் வரியை உயர்த்தினார்களே, என் அளவு வீட்டுக்கு 50 சதவீதம். (ஏப்ரல், அக்டோபர் மாதங்களுக்குள் அந்த அரையாண்டு வரியைக் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி. பல பேர் விட்டுவிடுகிறார்கள்.) கடைசியாக 2,860 ரூபாய் கரண்ட் பில். அதை மட்டும் என் முட்டாள்தனத்தில் எழுதிக்கொண்டேன். முதலில் இருந்தவர் சாமான் ஏற்றிய அன்றே அட்வான்ஸ் முழுவதையும் எண்ணிக் கொடுத்துவிட்டேன். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ரீடிங் எடுப்பதால் பில் மூன்று வாரம் கழித்து வந்தது. அதற்குப் பிறகு அவர் போனை எடுக்கவே இல்லை. இப்போதெல்லாம் சாவி கைமாறும் அன்றைக்கு மீட்டரைப் படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

மொத்தச் செலவு 1,14,860. கழித்தால் மிச்சம் 1,79,640. அதை 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 4,990 ரூபாய். வாடகை வருமானத்தில் வீட்டு வரி போக 30 சதவீதத்தை எந்த ரசீதும் கேட்காமல் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள விடுகிறார்கள். ஏதோ சலுகை என்று நினைத்திருந்தேன். என் நோட்டில் வரி தவிர்த்த செலவே வந்த வாடகையில் 33 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. இதை வைத்து வீட்டை விடவே கூடாது என்று சொல்ல வரவில்லை. பூட்டியே வைத்திருந்தால் இந்த 4,990-ம் இல்லை, கரையான்தான் குடியிருந்திருக்கும்.

"போக்கியத்துக்கு விட்டுடுங்க, மூணு வருஷத்துக்கு நாலு லட்சம், தொல்லை இல்லை" என்று எதிர்வீட்டுக்காரர் ஒருவரைக் கூட்டிவந்தார். போக்கியம் என்றால் மாத வாடகை கிடையாது, மொத்தமாக வாங்கும் பணத்தின் வட்டிதான் நமக்கு. தபால் நிலைய மூத்த குடிமக்கள் சேமிப்பில் அப்போது 8.2 சதவீதம் வட்டி. நாலு லட்சத்துக்கு மாதம் 2,733 வருகிறது. அதிலிருந்துதான் வரியும் மோட்டாரும் பார்க்க வேண்டும். அதைவிட, மூன்று வருடம் கழித்து நாலு லட்சத்தை ஒரே நாளில் எடுத்து வைக்க வேண்டும். அந்தப் பணத்தில் பேத்திக்கு நகை வாங்கிவிட்டு, கடைசியில் கந்துவட்டிக்கு அலைந்தவரை எனக்குத் தெரியும். அட்வான்ஸும் அப்படித்தான், அது நம் பணம் இல்லை. நான் வாங்கிய 28,500-ஐத் தபால் கணக்கில் போட்டு, பாஸ்புக்கை வாடகை நோட்டுக்குள்ளேயே சொருகி வைத்திருக்கிறேன்.

வீடு கேட்டு வருகிறவர்கள் இந்த ஊரில் முதலில் கேட்பது "ஒகேனக்கல் தண்ணி வருதா?" என்பதுதான். போர் தண்ணீரில் ஃபுளோரைடு, பல்லில் காவிக்கறை என்று பிள்ளைக்குட்டி வைத்திருப்பவர்கள் பயப்படுவது நியாயம். எந்தெந்த நாள் வரும், எவ்வளவு நேரம் வரும் என்று உள்ளதைச் சொல்லிவிடுவது நல்லது. புரோக்கர் கேட்கும் முதல் கேள்வி வேறு. "அவங்க என்ன ஆளுங்கன்னு விசாரிச்சுச் சொல்லட்டுங்களா?" 29 வருடத்தில் அதைக் கேட்டு ஒரு டிக்கெட்டும் கிழித்ததில்லை, வீட்டுக்கு மட்டும் எதற்கு என்றேன். அதோடு அந்த புரோக்கர் வருவதை நிறுத்திக்கொண்டார்.

ஓசூரில் என் மகன் வாடகை வீட்டில் இருக்கிறான். பெங்களூர் பழக்கம் அங்கேயும் வந்து, பத்து மாத அட்வான்ஸ் கொடுத்திருக்கிறான். முன்பிருந்த வீட்டைக் காலி செய்தபோது, சுவரில் ஒரு ஆணிகூட அடிக்காதவனிடம் பெயிண்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார்கள். உடைத்தால் அவர்கள் கணக்கு, வெளுத்துப்போனால் என் கணக்கு என்று நான் வைத்துக்கொண்டது அதைப் பார்த்த பிறகுதான். கரண்ட்டும் அப்படித்தான். என் மைத்துனர் கீழ் வீடு மேல் வீடு இரண்டையும் ஒரே மீட்டரில் ஓட்டி, குடியிருப்பவரிடம் யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்குகிறார். இரண்டு வீடும் சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டுவதால் பில் எகிறுகிறது. அரசு கொடுக்கும் 100 யூனிட் இலவசம் குடியிருப்பவர் கண்ணில் படுவதே இல்லை. தனி மீட்டர் வாங்குங்கள் என்றால், "உனக்கென்ன, நீ பஸ்காரன், சில்லறை பார்ப்பாய்" என்கிறார்.

நான் இதை எழுதக் காரணம் வேறு ஒன்று. இப்போது குடியிருக்கும் அம்மா அரசு மருத்துவமனையில் செவிலியர். வரும்போதே ஒப்பந்தம் எழுதிக் கேட்டார். ஒரு வருடத்துக்கு மேல் போனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்று எல்லோரையும் போல 11 மாதத்துக்கு எழுதினேன். அவர்தான், "அது மட்டும் போதாதுங்க ஐயா, புதுச் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் பதிவு எண் வாங்கணும்" என்றார். விசாரித்தால் உண்மை. 1960-ஆம் வருடத்துச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2017-இல் நிறைவேற்றிய சட்டத்தை 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிய வேண்டும். வேறு விதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. காலி செய்தால் ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போகத் திருப்பித்தர வேண்டும். வாடகை பாக்கி என்றாலும் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது. இத்தனை வருடம் ஆகியும் என் தெருவில் வாடகைக்கு விட்டிருக்கும் ஒருவருக்கும் இது தெரியவில்லை. பதிவு செய்யப் போன இடத்தில் கணினி முன்னால் இருந்த தம்பி, "அப்படி ஒண்ணு இருக்குங்களா சார்?" என்று என்னைக் கேட்டார். பேரன்தான் இணையதளத்தில் ராத்திரி 11 மணி வரை உட்கார்ந்து பதிந்து கொடுத்தான்.

தருமபுரி நகராட்சி அலுவலகத்தில் வீட்டு வரி கட்டும் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு மாதிரி வாடகை ஒப்பந்தத்தைத் தமிழில், கண்ணாடி போட்டுப் படிக்கிற அளவு எழுத்தில் ஒட்டி வைக்கலாம். வருடத்துக்கு இரண்டு தடவை வீட்டுக்காரர்கள் எல்லோரும் வந்து நிற்கும் இடம் அது. தங்கள் நாளிதழும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை முழுப் பக்கத்தில் அச்சிடலாம். என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நாள் வருகிறது, அதற்குள் வந்தால் கத்தரித்து வைத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர்,
குமாரசாமிப்பேட்டை, தருமபுரி