செயலாளரின் ஆண்டறிக்கை: சிறுவர் அறிவியல், ஓவியச் செயல்பாடுகள்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் முடிவின்படி, சிறுவர் செயல்பாடுகள் அனைத்தும் இவ்வாண்டு திறந்தவெளிக்கு மாற்றப்பட்டன. அறைக்குள் நடந்தவரை "சிந்தாதே, தொடாதே" என்பதே பெரியவர்களின் பாதிப் பேச்சாக இருந்தது. வெளியே வந்ததும் அது அடங்கி, பிள்ளைகளின் கேள்விகள் கூடின. இதைவிடப் பெரிய செய்தி இந்த அறிக்கையில் இல்லை.

மிகுந்த வரவேற்பு கார்ன்ஃப்ளோர் கூழுக்குத்தான். ஏறக்குறைய இரண்டு பங்கு மாவுக்கு ஒரு பங்கு தண்ணீர். விரலை மெல்ல விட்டால் உள்ளே இறங்கும். ஓங்கிக் குத்தினால் கெட்டிப்பட்டுக் கையைத் தடுக்கும். வேகமாக அழுத்தும்போது மாவுத் துகள்கள் நெருங்கி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதே காரணம். இதை முதலிலேயே விளக்கிவிட்ட குழு சீக்கிரம் சலித்துப்போனது. முழங்கை வரை அளைந்துவிட்டு "ஏன் இப்படி?" என்று கேட்ட குழுவை வீட்டுக்கு அனுப்புவதே பெரும்பாடானது. ஆகவே முதலில் கூழ், பிறகு விளக்கம் என்ற வரிசையே தொடரட்டும். மீந்த கூழை எவரும் கழிவுநீர்க் குழாயில் ஊற்ற வேண்டாம். அடியில் படிந்து அடைத்துக்கொள்ளும். உலர்த்திக் குப்பையில் சேர்க்கவும்.

சமையல் சோடாவும் வினிகரும் கலந்த எரிமலை பற்றிச் சொல்ல அதிகமில்லை. நுரைத்தது, கைதட்டினார்கள், கரியமில வாயு என்று ஒப்பித்தார்கள். அளவை மாற்றிப் பார்க்கப் பிள்ளைகளை விட்டால்தான் அது சோதனை, இல்லையேல் வாணவேடிக்கை. ஹைட்ரஜன் பெராக்சைடோடு ஈஸ்ட் கலந்து பொங்கவைக்கும் நுரைக்கு 3 சதவீதப் பெராக்சைடு கரைசலே போதும். இன்னும் உயரமாகப் பொங்க வேண்டும் என்று கேட்ட பெற்றோரின் கோரிக்கை ஏற்கப்படவில்லை. கண்களைக் காக்கும் கண்ணாடி அணியாத பிள்ளைக்கு அருகில் இடமில்லை என்ற விதியும் தளர்த்தப்படவில்லை.

என் மனத்துக்கு நெருக்கமானது சயனோடைப். 1842இல் ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த ஒளிப்பட முறை இது. இரும்பு உப்புகள் பூசிய தாளில் இலையோ இறகோ வைத்து வெயிலில் காட்டித் தண்ணீரில் அலசினால், வெயில் பட்ட இடம் நீலமாகும், மறைந்த இடம் வெள்ளையாக நிற்கும். பூசும் வேலையைப் பெரியவர்கள் மங்கிய வெளிச்சத்தில் முன்கூட்டியே முடித்துவைத்தார்கள். மேகமூட்டமான நாளில் படம் தெளிய நேரம் பிடித்தது. ஏன் என்று பிள்ளைகளே பேசிக்கொண்டார்கள். இதைப் பதிவேட்டில் அறிவியலில் சேர்ப்பதா, ஓவியத்தில் சேர்ப்பதா என்று செயற்குழுவில் நீண்ட விவாதம். ஹெர்ஷல் வெளியிட்ட மறு ஆண்டே தாவரவியலாளர் ஆனா அட்கின்ஸ் கடற்பாசிகளை இம்முறையில் பதிவுசெய்யத் தொடங்கிவிட்டார்; அவருக்கு இந்தச் சிக்கல் இருந்ததாகத் தெரியவில்லை. இரண்டு பக்கங்களிலும் எழுதிவிட்டேன்.

மண் ஓவியமும் இலைகளைத் துணியில் தட்டிச் சாயமேற்றுவதும் குறைவின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

ஒரு குறை. கொட்டிக் கலக்க வரும் கைகள் பல. கழுவ நிற்பவை எப்போதும் அதே சில. பிள்ளைகளைப் புத்தாடையில் அனுப்பிவிட்டுக் கறையைப் பற்றிக் கேட்பதும் நிற்கவில்லை. எனவே இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன்: பழைய உடை கட்டாயம், ஒவ்வொரு அமர்விலும் கடைசி அரை மணி நேரம் பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து கழுவுவதற்கே. வாளி, குழாய், துடைதுணி ஆகியவற்றுக்குத் தனிப் பொறுப்பாளர் ஒருவரும் தேவை. முன்வருவோர் இக்கூட்டம் கலையும் முன் தலைவரிடம் பெயர் கொடுக்கவும்.

செயலாளர்